எதில்? – பின்னம் நடத்தப்போகும் புது ஆசிரியருக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டலை மூன்றே நாளில் முடித்தேன். விதியைப் போர்டில் எழுதினேன், நாலு கணக்குப் போட்டுக் காட்டினேன், பத்துக் கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். டெஸ்ட் வைத்ததில் பாதிக்கு மேல் முழு மார்க். ஒரு மாதம் கழித்து ஒரு பெண்ணின் நோட்டைத் திருத்தும்போது 1/2 + 1/4 = 2/6 என்று இருந்தது. அவள் வீட்டில் மாடு வைத்திருந்தார்கள், காலையில் பால் ஊற்றிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். கூப்பிட்டு, “அரை லிட்டரும் கால் லிட்டரும் சேர்த்தா எவ்வளவு?” என்றேன். “முக்கால் லிட்டர் டீச்சர்.” யோசிக்கவே இல்லை. நோட்டைக் காட்டி, “அப்ப இது?” என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

“அது பால், டீச்சர். இது கணக்கு.”

முக்கால் லிட்டர் அவளுடையது. அவளே அளந்து, ஊற்றி, காசு வாங்கித் தெரிந்துகொண்டது. விதி என்னுடையது. நான் கொடுத்ததை ஒரு மாதம் வைத்திருந்துவிட்டுத் தொலைத்துவிட்டாள். நாலாம், ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் பின்னத்தைத் தொடங்கப் போகிறவர்களுக்காக, அதற்குப் பிறகு நான் மெல்ல மெல்ல மாற்றிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். ஏறத்தாழ எட்டு பீரியட் ஆகும். மூன்று நாளில் முடிக்க வழி எனக்குத் தெரியாது.

முதல் நாளுக்கு முன்பு

ஒரே ஒரு கணக்கைத் தேர்ந்தெடுங்கள். நான் எப்போதும் எடுப்பது இது: 3 கடலை மிட்டாய், 4 பிள்ளைகள், எல்லோருக்கும் சமமாக, மிச்சம் வைக்காமல்.

நீள்சதுரக் கடலை மிட்டாயாக இருக்கட்டும், உருண்டை வேண்டாம். தோசை, சப்பாத்தி என்று வட்டத்தில் தொடங்குகிறவர்கள் உண்டு. வட்டத்தைப் பாதியாக்குவதும் காலாக்குவதும் சுலபம். மூன்றாக, ஐந்தாகச் சமமாக வெட்டிக் காட்டச் சொன்னால் நமக்கே கை நடுங்கும், பிள்ளையின் கவனம் பின்னத்தை விட்டு வட்டத்துக்குப் போய்விடும். நீளமான வடிவத்தில் அந்தத் தொல்லை இல்லை. பின்னால் எண்கோட்டுக்குப் போகவும் அதுவே வழி.

கணக்கை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் நீங்கள் மூன்று விதமாகப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் என்னென்ன சொல்லக்கூடும் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாடக்குறிப்பு எழுதுவதைவிட இந்தப் பத்து நிமிஷம் பிரயோஜனம். நான் கேட்ட பதில்களைச் சொல்கிறேன்:

ஒவ்வொரு மிட்டாயையும் நாலாக வெட்டி, ஆளுக்கு மூன்று துண்டு. இரண்டு மிட்டாயைப் பாதிப் பாதியாக்கி ஆளுக்கு ஒரு அரை, மூன்றாவதை நாலாக்கி ஆளுக்கு ஒரு கால். மூன்றையுமே பாதியாக்கினால் ஆறு அரை, நாலைக் கொடுத்துவிட்டு மீதி இரண்டு அரையை இரண்டிரண்டாக வெட்டுவது. “ஆளுக்கு அரை, மிச்சம் ஒண்ணு டீச்சருக்கு.” (இது வருஷா வருஷம் வரும். எனக்குச் சர்க்கரை, மிட்டாய் ஆகாது, வேறு வழி பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.) “தம்பிக்குப் பெரிசு” என்று சமமில்லாமல் வெட்டுவது. கடைசியாக, மிகவும் முக்கியமான ஒன்று: “12-இல் 3.” அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பட்டைகளும் தயார் செய்துகொள்ளுங்கள். ஒரு ஏ4 தாளில் 3 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளத்தில் ஏழு பட்டை வரும். 24 ஏன் என்றால் பாதி 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, எட்டில் ஒன்று 3 என்று எல்லாமே முழு சென்டிமீட்டரில் விழும். நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேருக்கு நாலு பட்டை வீதம் 80 பட்டை, பன்னிரண்டு தாள் போதும். ஒருபக்கம் அச்சடித்த பழைய தாளே சரி. மூன்றாக மடிக்கத் திணறுகிற பிள்ளை ஸ்கேல் வைத்து அளந்தால் விட்டுவிடுங்கள், அதில் தப்பில்லை.

கணக்கைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது

கேட்கச் சுலபம். எனக்கு இதுதான் பழக நாளானது.

கணக்கைச் சொல்லுங்கள். மிட்டாய் வெட்டுகிற கதையாகச் சொல்லுங்கள், “பின்னம்” என்ற சொல் வரவே வேண்டாம். முதல் மூன்று நிமிஷம் தனியாக, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு. நீங்கள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வகுப்பில் நடங்கள். கையில் சாக்பீஸ் இருந்தால் போர்டுக்குப் போய்விடுவோம்.

நடக்கும்போது யாருடைய பதிலையும் சரி என்றோ தப்பு என்றோ சொல்லாதீர்கள். ஒரே கேள்வி: “எப்படி வந்துச்சு, சொல்லு பாப்போம்.” இதைச் சரியாகப் போட்டவரிடமும் கேட்க வேண்டும். தப்பாகப் போட்டவரிடம் மட்டும் கேட்டால், டீச்சர் ஏன் என்று கேட்டாலே தப்பு என்று ஒரு வாரத்தில் வகுப்பு கண்டுபிடித்துவிடும். அதன்பின் யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள், அழி ரப்பரைத்தான் எடுப்பார்கள்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்குமேல் நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள் என்று அவர் கண்டார். மூன்று விநாடி என்பது வகுப்பில் நின்று பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் மனதுக்குள் ஐந்துவரை எண்ணுவேன்.

யாரை முதலில் போர்டுக்கு அழைப்பது

நடக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையை முதலில் அழைத்தால் மற்றவர்கள் தங்கள் நோட்டை அழித்துவிட்டு அதை எழுதிக்கொள்வார்கள், விவாதம் முடிந்துவிடும். நான் “அரையும் காலும்” என்று வெட்டியவரை முதலில் அழைப்பேன். அடுத்து “கால் கால் கால்” என்று வெட்டியவர். இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு வகுப்பைக் கேளுங்கள்: “ரெண்டு பேருக்கும் ஒரே அளவு மிட்டாய் கிடைச்சுதா? இல்ல, யாராவது ஏமாந்தாங்களா?”

ஏமாந்தார்களா என்று கேட்டவுடன் வகுப்பு உயிர்பெறும். ஒருவர் எழுந்து வந்து அரையின் நடுவில் ஒரு கோடு போட்டு, “அரைக்குள்ள ரெண்டு கால் இருக்கு, அப்ப மூணு கால்தான்” என்பார். 1/2 + 1/4 = 3/4. இன்னும் கூட்டல் பாடமே தொடங்கவில்லை! எகிப்தில் ஏறத்தாழ கி.மு. 1550-இல் அஹ்மஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளின் தொடக்கத்திலும் இதே மாதிரி கணக்குகள்தான், ரொட்டிகளைப் பத்துப் பேருக்குப் பங்கிடுவது. அவர்களும் முக்காலை அரையும் காலும் என்று பிரித்து எழுதுவார்கள். உங்கள் வகுப்பில் அப்படி வெட்டிய பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அன்று முழுக்கத் தலைநிமிர்ந்து நடக்கும்.

“12-இல் 3”

ஒவ்வொரு மிட்டாயையும் நாலாக வெட்டினால் மொத்தம் 12 துண்டு. ஒருவருக்கு 3. ஆகவே 3/12. இதைச் சொல்கிற பிள்ளை கவனமாக எண்ணியிருக்கிறது. “தப்பு, 3/4” என்று நீங்கள் சொல்லிவிட்டால், எண்ணியதுதான் குற்றம் என்று நினைத்துக்கொள்ளும்.

இங்கே நிறைய நேரம் செலவழியுங்கள். பின்னத்தின் உயிர்நாடியே இந்த இடம்தான் என்பது என் கட்சி. “எதில் 3/12?” என்று கேளுங்கள். மூன்று மிட்டாயையும் சேர்த்து ஒரு முழு என்று பார்த்தால் 3/12 சரிதான், மொத்தத்தில் கால்வாசி, நாலு பேரில் ஒருவருக்கு வர வேண்டிய பங்கு அதுதானே. ஒரு மிட்டாய்தான் முழு என்று பார்த்தால் 3/4. துண்டுகள் அதே மூன்று. முழு எது என்பது மாறியதும் பின்னம் மாறுகிறது. நான் இதை விளக்குவதில்லை. “3/12-ன்னு ஒருத்தர் சொல்றாங்க, 3/4-ன்னு ஒருத்தர் சொல்றாங்க, ரெண்டு பேரும் சண்டை போடாம இருக்க வழி உண்டா?” என்று விட்டுவிடுவேன். ஒரு வருஷம் இதிலேயே ஒரு பீரியட் முழுக்கப் போனது. மணி அடித்த பிறகும் இரண்டு பையன்கள் வராண்டாவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஒருவன் வந்து, “ஒரு மிட்டாய்ல முக்கால், மூணு மிட்டாய்ல கால், ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்” என்றான். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அன்றிலிருந்து “எதில்?” என்பது எங்கள் வகுப்பின் மந்திரம். யார் எந்தப் பின்னத்தைச் சொன்னாலும் பின்வரிசையிலிருந்து “எதுல?” என்று ஒரு குரல் வரும். என்னையும் கேட்பார்கள்.

பெயரும் குறியீடும்

இவ்வளவுக்கும் பிறகுதான் 3/4 என்று எழுதக் காட்டுங்கள். இதைக் காட்டவே வேண்டும், கண்டுபிடிக்க விடக்கூடாது. பிள்ளைகளே கண்டறிய வேண்டும் என்று ஆர்வம் வந்துவிட்டால் சில புது ஆசிரியர்கள் “மேலே இருக்கிற எண்ணுக்கு என்ன பேர் இருக்கும்?” என்று கேட்டு நிற்பார்கள். தொகுதி, பகுதி என்ற பெயர்கள், கோடு போடும் வழக்கம் எல்லாம் பெரியவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னார்: சமூகம் ஏற்படுத்திய அறிவை யாராவது சொல்லித்தான் தெரியும், தர்க்கத்தில் விளையும் அறிவை யாரும் சொல்லித் தர முடியாது. முன்னதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுங்கள். பின்னதற்கு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பின்னம் நடத்துகிறவர்களுக்கு இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. முதலாவது, 2/3 என்பதை நாம் “மூன்றில் இரண்டு” என்று படிக்கிறோம். வாய் பகுதியை முதலில் சொல்கிறது, கை தொகுதியை முதலில் எழுதுகிறது. “மூன்றில் இரண்டு” என்று நீங்கள் சொல்லச் சொல்ல 3/2 என்று எழுதுகிற பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள், அது காதில் விழுந்த வரிசையில் எழுதியிருக்கிறது. முதலில் கோடு, பிறகு கோட்டுக்குக் கீழே 3, அப்புறம் மேலே 2 என்று எழுதப் பழக்கினால் வாயும் கையும் ஒன்றாகும். “பகுதி” என்ற சொல்லும் குழப்பும். பேச்சில் பகுதி என்றால் துண்டு. ஆகவே துண்டைக் குறிக்க எப்போதும் “பங்கு” என்றே சொல்லுங்கள்.

இரண்டாவது பள்ளம் 5/4-இல் வரும். “நான்கில் ஐந்து” என்று படித்தவுடன், “நாலுல அஞ்சு எப்படி டீச்சர் எடுக்க முடியும்?” என்பார்கள். நியாயமான கேள்வி, வாசகமே அப்படி இருக்கிறது. வாசிப்பை மாற்றுங்கள்: “கால், கால், கால், கால், கால். ஐந்து கால்.” எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மாட்டுக்கு நாலு கால், நாலு கால் சேர்ந்தால் ஒரு முழு மாடு, மீதி ஒரு கால். ஒன்றே கால். கடைத்தெருவில் ஒன்றே கால் கிலோ என்று சொல்கிற பிள்ளைக்குத் தகா பின்னம் ஏற்கெனவே தெரியும், அதன் பெயர்தான் தெரியாது.

எண்கோடு

மிட்டாயோடு நின்றுவிட்டால் பின்னம் என்றாலே துண்டு என்று தங்கிவிடும். அதுவும் ஒரு எண்தான் என்று தெரிய எண்கோடு வேண்டும். நாலைந்து பட்டைகளை முனையோடு முனை சேர்த்துத் தரையில் ஒட்டுங்கள். இடது முனை 0, ஒவ்வொரு பட்டை முடிகிற இடத்திலும் 1, 2, 3. பிள்ளைகள் ஆளுக்கொரு பின்னம் எழுதிய சீட்டோடு வந்து தங்கள் இடத்தில் நிற்கட்டும். 1/2-ம் 2/4-ம் வைத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் இடிப்பார்கள். சமான பின்னம் என்ற பெயரை அந்த இடிபாட்டின்போதே சொல்லிவிடலாம்.

1/4 பெரிசு, 1/3 சிறிசு என்று வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் இங்கே அகப்படுவார்கள். 4 என்பது 3-ஐவிடப் பெரிது என்று அவர்கள் எத்தனையோ வருஷமாகச் சரியாகப் படித்துவந்ததை இங்கேயும் கொண்டுவருகிறார்கள். மூன்று பேர் பங்கிடும் வீட்டில் சாப்பிடப் போவீர்களா, நாலு பேர் பங்கிடும் வீட்டில் போவீர்களா என்று கேட்டால் போதும்.

1/2 + 1/3 = 2/5

வந்தே தீரும். வந்தால் மகிழுங்கள், அன்றைய பாடம் அதுதான்.

முதலில் அந்தப் பிள்ளையின் காரணத்தைக் கேளுங்கள். மேலேயும் கீழேயும் தனித்தனியாகக் கூட்டினேன் என்று பெரும்பாலும் சொல்வார்கள். ஒரு பெண் வேறு மாதிரி சொன்னாள்: “ரெண்டு கேள்வியில ஒண்ணு சரி, அப்புறம் மூணு கேள்வியில ஒண்ணு சரி. மொத்தம் அஞ்சுல ரெண்டு.” டெஸ்ட் மார்க்குக்கு அது முழுக்கச் சரி! நான் ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றேன். காப்பாற்றியது பின்வரிசைதான்: “எதுல?” மார்க்கில் முழு என்பது கேள்விகள், கூடக்கூட அதுவும் ஐந்தாக வளர்கிறது. மிட்டாயில் முழு ஒரே மிட்டாய்தான், அது வளராது.

அடுத்து, 2/5 அரையைவிடப் பெரிதா சிறிதா என்று எண்கோட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சிறிது. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா? முகத்தில் ஒரு சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தை உடனே நீவிவிடாதீர்கள், ஒரு இரவு அதோடு தூங்கட்டும்.

மறுநாள் பட்டை. பாதி 12 செ.மீ., மூன்றில் ஒன்று 8 செ.மீ., சேர்த்து வைத்தால் 20 செ.மீ. இந்த நீளத்துக்கு என்ன பெயர்? எந்த அளவுத் துண்டு இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கும்? சிலர் 4 செ.மீ. துண்டு எடுத்து 5/6 என்பார்கள், சிலர் 2 செ.மீ. எடுத்து 10/12, ஒருவர் 1 செ.மீ. எடுத்து 20/24. எல்லாவற்றையும் போர்டில் எழுதுங்கள். எந்தத் துண்டு எடுத்தவருக்கு வேலை குறைவு என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) அங்கேதான் பிறக்கிறது. பிறகு விதியைச் சொன்னால், “அதைத்தான டீச்சர் நேத்து செஞ்சோம்” என்பார்கள். பயிற்சிக் கணக்கு கொடுங்கள், நிறையவே கொடுங்கள். புரிந்துவிட்டால் பயிற்சி வேண்டாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

காகிதம் மடிப்பது மட்டும் போதாது

நான் செய்த இன்னொரு தப்பு. விதியை விட்டொழித்த உற்சாகத்தில் ஒரு வருஷம் முழுக்கச் செயல்பாடுதான். மடித்தார்கள், வெட்டினார்கள், வண்ணம் தீட்டினார்கள். வகுப்பு அழகாக இருந்தது. வருஷக் கடைசியில் 1/3-ம் 1/4-ம் கேட்டால் பழைய கதை. கை வேலை செய்தது, என்ன செய்தோம் என்று யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுக்கப் போன, பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றலில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும்: குழந்தை அட்டையை முடித்துவிட்டது என்பது வேறு, புரிந்துகொண்டது என்பது வேறு. பக்கத்தில் உட்கார்ந்து பேசிய ஆசிரியரிடம்தான் அட்டை வேலை செய்தது.

பென்னி என்ற பெயரில் கணிதக் கல்வி ஆய்வுகளில் அறியப்படும் அமெரிக்கப் பையன் ஒருவன் உண்டு, 12 வயது. தானாகப் பாட ஏடுகளைப் படித்து, விடைத்தாளோடு ஒப்பிட்டு முன்னேறும் முறையில் அவன் நன்றாகப் படிக்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்தான். 1973-இல் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அவனோடு உட்கார்ந்து பேசியபோதுதான் வெளியே வந்தது: 5/10-ஐ 1.5 என்றும், 2/10-ஐ 1.2 என்றும் எழுதினான். இரண்டு எண்ணையும் கூட்டிப் புள்ளி வைப்பது அவன் விதி. அவனும் தன் புரிதலைத் தானே கட்டிக்கொண்டவன்தான். பிள்ளைகள் எப்படியும் எதையாவது கட்டிக்கொள்வார்கள், நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். என்ன கட்டுகிறார்கள் என்று போய்ப் பார்க்க ஆள் வேண்டும்.

நாற்பது பேரோடும் தினமும் பேச முடியாது. நான் ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டேன், ஆளுக்கு இரண்டு நிமிஷம். ஒரு சின்ன நோட்டில் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே ஒரு வரி. எட்டு நாளில் வகுப்பு முடிந்துவிடும்.

சில்லறைத் தொல்லைகள்

சத்தம் வரும். ஹெச்.எம். வந்து எட்டிப் பார்த்தால் அவரிடமும் மிட்டாய்க் கணக்கைக் கொடுங்கள். என்னிடம் வந்தவர் பத்து நிமிஷம் நின்று போட்டுவிட்டுப் போனார். போர்ஷன் பின்தங்கும், ஆனால் சமான பின்னம், கூட்டல், கழித்தல் மூன்றும் பின்னால் வேகமாக ஓடும். “நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே” என்று வீட்டில் கேட்பார்கள், ஆகவே தினமும் கடைசி ஐந்து நிமிஷம் “இன்று நான் என்ன நினைத்தேன், ஏன் மாற்றிக்கொண்டேன்” என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். டெஸ்டில் “கூட்டுக” என்ற கேள்வி பத்து இருந்தால், “1/2 + 1/4 = 2/6 என்று எழுதிய தம்பிக்குப் படம் வரைந்து சொல்க” என்று ஒன்றாவது வையுங்கள்.

கடைசியாக, கொஞ்சம் வேகமாகப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. நம் பழைய கணக்கில் 1/8-க்கு அரைக்கால் என்று பெயர். காலில் அரை, பின்னப் பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1/20 மா. 1/80 காணி. இரண்டும் சேர்ந்தது மாகாணி. மாகாணி எவ்வளவு? பட்டையை எண்பதாக மடிக்க முடியாது என்று முதலில் புலம்புவார்கள். பேசாமல் இருங்கள். என் வகுப்பில் பால் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளை இன்னொருத்தி வெகுநேரம் நகம் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, “டீச்சர், முழுசை எண்பது ரூபாய்ன்னு வெச்சுக்கலாமா?” என்று கேட்டாள். மா நாலு ரூபாய், காணி ஒரு ரூபாய், ஆக ஐந்து ரூபாய். எண்பதில் ஐந்து, பதினாறில் ஒன்று. பின்வரிசைக்குக் கேட்க வாய்ப்பே கொடுக்கவில்லை.